கவாகுச்சிகோ கிமோனோ மியூசியம்: மலையைப் பார்க்கப் போய் முடிச்சைப் பார்த்து வந்தோம்

#1 மேலமாசிவீதி (ஞாயிறு இரவு 9:40)

ஊரிலிருந்து அம்மா வந்து மூணு வாரம் ஆச்சு. ஃபுஜி மலையைக் காட்டுறேன்னு கவாகுச்சிகோ ஏரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மலை வரவே இல்லை. "எங்கடா மலை?" "அந்த வெள்ளைக்குப் பின்னாடி இருக்கும்மா." இப்படியே ஏரிக்கரையில ஒரு மணி நேரம். அப்புறம் தூறல். ஒதுங்க இடம் வேணுமேன்னு ஏறின பஸ், வடகரையில இருக்கிற, குபோட்டா இச்சிக்குங்கிற சாயக் கலைஞரோட அருங்காட்சியகத்துல கொண்டுபோய் இறக்கிவிட்டுது. திட்டம் போட்டெல்லாம் போகலை.

வாசலே நம்மை இழுத்துப் பிடிக்குது. செதுக்கு வேலை செஞ்ச பெரிய மரக் கதவுகள். அம்மா நின்னுட்டாங்க. "இது காரைக்குடிப் பக்கத்துக் கதவுல்ல?" செட்டிநாடு இல்லை, ஆனா இந்தியாதான். அங்கே ஏதோ ஒரு பழைய கோட்டையில இருந்த கதவுகளை வாங்கிச் சேர்த்து வாசலாக்கியிருக்காங்க. அம்மாவுக்கு அதுவரைக்கும் ஜப்பான் மேல இருந்த கோபம் அங்கேயே பாதி இறங்கிடுச்சு.

சிவப்புப் பைன் மரங்களுக்கு நடுவுல மேலே ஏறணும். பெரிய கூடம் கூம்பு மாதிரி எழும்புது. ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஹிபா மரங்கள், 16 பெரிய தடிகள், அதுங்கதான் கூரையைத் தாங்குது. உச்சியிலேர்ந்து வெளிச்சம். உள்ளே போட்டோ கூடாது, அதனால படம் கேட்காதீங்க.

கிமோனோக்களைக் கையை விரிச்ச மாதிரி கட்டையில மாட்டி, முதுகு நம்மைப் பார்க்கிற மாதிரி வரிசையா நிறுத்தியிருக்காங்க. ஒண்ணோட ஓரத்துல முடியற மலைச்சரிவு அடுத்ததுல தொடருது. இலையுதிர் காலத்துச் சிவப்பும் காவியும் நடந்துபோகப் போகக் கருகி, சாம்பலாகி, பனியாகுது. 'ஒளியின் சிம்பொனி'ன்னு பேர். மொத்தம் 80 கிமோனோ செய்யணும்னு கணக்குப் போட்ட குபோட்டா, 2003இல் சாகும்போது 40 முடிச்சிருந்தாராம்.

எல்லாரும் பின்னாடி தள்ளி நின்னு காட்சியைப் பார்த்தாங்க. அம்மா மட்டும் எவ்வளவு கிட்டப் போக விடுவாங்களோ அவ்வளவு கிட்டப் போய், ஒரு கிமோனோவோட கை விளிம்பையே பார்த்துட்டு நின்னாங்க. அம்மா கல்யாணத்துக்கு முந்தி மதுரையில சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு வாக்கியம்: "இது முடிச்சு இல்லடா. தைச்சு இழுத்திருக்காங்க."

சரியாச் சொல்லிட்டாங்க. தூரத்துலேர்ந்து ஓவியம் மாதிரி இருக்கிறது, கிட்டப் போனா முழுக்கச் சுருக்கம். ஊசி ஏறி இறங்கின இடமெல்லாம் துணி இன்னும் விறைச்சு நிக்குது. இஸ்திரி போட்டு அதை அழிக்கலை. எனக்கு மலையைவிட அதுதான் பிடிச்சது. யாராவது போயிருக்கீங்களா?

#2 ஓசிடீ (ஞாயிறு இரவு 10:05)

குபோட்டான்னதும் டிராக்டர் கம்பெனி மியூசியம்னு நினைச்சு உள்ளே வந்தேன். வந்ததுக்கு முழுசாப் படிச்சுட்டேன்.

ஒரு சந்தேகம். யாரும் உடுத்தாத துணி துணியா? சுவர்ல மாட்டத்தான்னா கேன்வாஸ்ல வரைஞ்சிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு தையல்?

#3 சாயத்தொட்டி (ஞாயிறு இரவு 11:12)

வணக்கம். திருப்பூரில் 22 வருடம் சாயப்பட்டறையில் இருந்தவன். குபோட்டாவைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

'பாரம்பரியச் சாயக் கலைஞர்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் பயன்படுத்தியது செயற்கைச் சாயம். துணியும் பழைய துணி இல்லை. சாயமும் புதிது, துணியும் புதிது என்றால் பாரம்பரியம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் மெழுகு அச்சில் புள்ளி வைத்துவிட்டுச் 'சுங்குடி' என்று விற்கிறார்கள். அதைத் திட்டுகிறோம். ஜப்பான்காரர் செய்தால் கூம்பு கட்டி, விளக்குப் போட்டு, டிக்கெட் வைக்கிறோம். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

#4 கோஃபு_குமரன் (திங்கள் காலை 7:30)

நான் கவாகுச்சிகோ இருக்கிற யமனாஷி மாவட்டத்தில்தான் இருக்கிறேன். இந்த அருங்காட்சியகத்துக்கு நாலு தடவை போயிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இதுதான் சுற்றுலா. சாயத்தொட்டி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஆளின் கதை தெரிய வேண்டும்.

பிறந்தது 1917, டோக்கியோ. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு கோபயாஷி கியோஷி என்ற யூசென் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். யூசென் என்றால் பட்டில் பசைக் கோடு இழுத்து, கோட்டுக்குள் தூரிகையால் நிறம் கொடுப்பது. 20 வயதில் இன்றைய டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு துண்டுத் துணியைப் பார்க்கிறார். ட்சுஜிகஹனா வகை. முரோமாச்சி காலத்தில் (14-16ஆம் நூற்றாண்டு) தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் முதல் பகுதி வரை இருந்த வேலை. தைத்துக் கட்டிச் சாயம் போட்டு, அதன் மேல் மசியால் மெல்லிய கோட்டில் பூ வரைந்து, சில இடங்களில் தங்கத் தகடும் ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட தொக்குகவா இயேயாசு உடுத்திய துணிகள் இந்த வகையில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. பிறகு யூசென் வந்தது. நினைத்ததைத் தூரிகையால் வரையலாம் என்றானபின் யார் உட்கார்ந்து தைப்பார்கள்? வேலை அழிந்தது, செய்முறை எழுதிவைத்தவர் யாரும் இல்லை. பேருக்கு 'சந்திப் பூ' என்று பொருள், நாலு தெரு கூடும் சந்தி. ஏன் அந்தப் பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

இந்த வேலையை மீட்டே தீருவேன் என்று அந்தப் பையன் முடிவு பண்ணினான். உடனே போர். சைபீரியாவில் போர்க் கைதி. திரும்பி வந்தது 1948இல். வயிற்றுப்பாட்டுக்கு மறுபடி யூசென். நாற்பதை நெருங்கும்போதுதான் முழுநேரம் இதில் இறங்க முடிந்தது. முதல் கண்காட்சி 1977, அப்போது வயது 60. துண்டுத் துணியைப் பார்த்ததற்கும் அதற்கும் இடையில் 40 வருடம்.

சரி, துணி. பழைய ட்சுஜிகஹனா நெரினுகி என்ற பட்டில் செய்தது. பாவுக்குப் பசை நீக்காத பச்சைப் பட்டு, ஊடைக்குப் பசை போகக் கொதிக்கவைத்த பட்டு. அதனால் மெலிசாகவும் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். தைத்து இழுத்தால் இறுக்கமாகக் கூடும். அந்தத் துணியை நெய்கிறவர்கள் அப்போது யாரும் இல்லை. இயற்கைச் சாயத்தில் பழைய முறையைப் பிடிக்கப் பார்த்தார், சரிப்படவில்லை. 1962இல் விட்டுவிட்டார். சுருக்கப் பட்டு (க்ரேப்), செயற்கைச் சாயம் என்று தனக்கென ஒரு வழி பண்ணிக்கொண்டார். ஐயா கேட்ட கேள்விக்கு அவரே பதில் வைத்திருக்கிறார்: அதை அவர் ட்சுஜிகஹனா என்று சொல்லவில்லை, 'இச்சிக்கு ட்சுஜிகஹனா' என்று தன் பேரை முன்னால் சேர்த்துக்கொண்டார். மெழுகு அச்சுக்காரர் 'என் சுங்குடி' என்று சொல்லி விற்றால் நாமும் திட்ட மாட்டோம், இல்லையா?

#5 சாயத்தொட்டி (திங்கள் காலை 8:02)

பேர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். நன்றாக மடக்கினீர்கள்.

செய்முறையைச் சொல்லுங்கள். செயற்கைச் சாயத்தைப் பட்டில் ஆவியில் நிறுத்துவது எங்களுக்கு அன்றாடம். ஒரு நிறம் முடிந்து கட்டவிழ்த்து, மறுபடி கட்டி, அடுத்த நிறம் போடுகிறார் என்றால் துணி எத்தனை தடவை ஆவிக்குள் போகிறது? சுருக்கப் பட்டு ஆவி பட்டால் சுருங்கும். அடுத்த நிறம் போன தடவை விட்ட இடத்தில் எப்படிச் சரியாக உட்காரும்?

#6 கோஃபு_குமரன் (திங்கள் மதியம் 12:45)

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

கிமோனோத் துணி சுமார் 37 செ.மீ. அகலம்தான். நீளமான ஒரே சுருள். காட்சி முழு உடம்பிலும் ஓட வேண்டுமானால் முதலில் துண்டுகளை வெட்டி, தற்காலிகமாக இழையோட்டிக் கிமோனோவாக்கி, அதன் மேல் வரைய வேண்டும். பிறகு இழையைப் பிரித்தால் மறுபடி தனித்தனித் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தனியாகச் சாயத்துக்குப் போய்வரும். கடைசியில் சேர்த்துத் தைக்கும்போது ஒரு துண்டின் கிளை அடுத்த துண்டின் கிளையைத் தொட வேண்டும். ஐயா சொன்ன சுருக்கத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். இச்சிக்கு இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு கிமோனோவின் மலை அடுத்த கிமோனோவின் மலையைத் தொட வேண்டும் என்றார்.

வரைவது ஆஓபனா என்ற பூவின் நீலத்தில். தண்ணீர் பட்டால் போய்விடும், துணியில் தடம் இருக்காது. அந்தப் பூ யார் தெரியுமா? நம் ஊர் வரப்பில் முளைக்கிற கானாம்வாழையின் நெருங்கிய சொந்தம். இரண்டு நீல இதழ், மத்தியானத்துக்குள் வாடிவிடும். நாம் பிடுங்கி எறிகிறோம், இவர்கள் ஷிகா மாவட்டத்தில் பயிர் பண்ணுகிறார்கள்.

அந்த நீலக் கோட்டின் மேல் சின்னச் சின்னத் தையல். நூலை இழுத்தால் கோடு முழுக்கக் கொசுவமாகக் கூடும். சாயம் படக் கூடாத பகுதிக்குத் தொப்பி போடுவார்கள். பழைய காலத்தில் மூங்கில் மடலால் மூடிக் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். மேலே தெரிகிற இடத்தில் தூரிகையால் சாயம். ஆவி, அலசல், பிரித்தல். அடுத்த நிறத்துக்கு மறுபடி தையல். இப்படிப் பல சுற்று. ஒரு கிமோனோவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

ஓசிடீக்கு: கேன்வாஸில் வரைந்தால் கோடு அவர் கையில் இருக்கும். இங்கே கோட்டின் ஓரத்தைச் சாயம்தான் முடிவு செய்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் உள்ளே கசியும். அந்தக் கசிவுதான் பனிமூட்டமாகத் தெரிவது. அப்புறம், உடுத்துகிற கிமோனோக்களும் அவர் நிறையச் செய்திருக்கிறார். இவர் வேலையை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1995இல் காட்சிக்கு வைத்தார்கள்.

#7 ஷிசுவோகா_சுந்தரி (திங்கள் மாலை 6:20)

நான் எதிர்க்கட்சி. 😊 குபோட்டா மியூசியத்துக்குப் போயிருக்கேன். அழகு இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கூம்பு, உச்சி வெளிச்சம், வரிசையா நிக்கிற முதுகுகள், எல்லாம் சேர்ந்து 'கும்பிடு'ன்னு சொல்ற மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டடம் ஒக்கினாவாத் தீவுச் சுண்ணாம்புக்கல்லுல, ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கவுடி பாணியில வளைஞ்சு நெளிஞ்சு நிக்கும். ஒரு மனுஷன் தனக்குத் தானே கட்டின கோயில்.

எங்க ஊருக்கு வாங்க. ஷிசுவோகாவுல செரிசாவா கெய்சுகே அருங்காட்சியகம். அவரும் சாயக்காரர்தான், 1895இல் இதே ஊர்ல பிறந்தவர், 1984 வரைக்கும் இருந்தார். 1956இல் 'வாழும் தேசியச் செல்வம்'னு அரசாங்கம் அறிவிச்சது. தோரோங்கிற, யாயோய்ங்கிற பண்டைக் காலத்துத் தொல்லியல் இடம், அதை ஒட்டின பூங்காவுக்குள்ள கட்டடம். ஷிராய் செய்இச்சி வடிவமைச்சது, 1981இல் திறந்தாங்க. கல்லும் தண்ணியும்தான். வெளியிலேர்ந்து பார்த்தா இருக்கிறதே தெரியாது, அவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். செரிசாவா டோக்கியோ கமதாவுல குடியிருந்த மர வீட்டையும் பிரிச்சு எடுத்துட்டு வந்து பக்கத்துல நிறுத்தியிருக்காங்க.

இவர் வழி வேற. துவர்க்கிற பச்சைச் சீமைப்பனிச்சம்பழச் (பெர்சிமன்) சாறு ஏத்தின தாள்ல வடிவத்தை வெட்டணும். அதைத் துணிமேல வெச்சு, ஒட்டரிசி மாவும் தவிடும் சேர்ந்த பசையைத் தடவணும். பசை பட்ட இடத்துல சாயம் ஏறாது. காய்ஞ்சதும் சோயாப்பால் பூசி, நிறம் கொடுத்து, கடைசியில தண்ணியில பசையை ஊறவெச்சுக் கழுவிடணும். மத்தவங்க பட்டறையில வரையறது ஒருத்தர், வெட்டறது ஒருத்தர், சாயம் ஒருத்தர். இவர் எல்லாத்தையும் ஒரே கையில வெச்சுக்கிட்டார். 1928இல் ஒக்கினாவாவோட பிங்காட்டாங்கிற சாயத் துணிகளைப் பார்த்ததுதான் இவருக்குத் திருப்பம். குபோட்டாவுக்கு அந்தத் துண்டுத் துணி மாதிரி.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பொருள். கடை வாசல்ல தொங்கவிடற நோரென் திரை. 1955இல் செஞ்சது. துணித் திரைதான், ஆனா அதுல சாயத்தால போட்டிருக்கிறது ஒரு கயிற்றுத் திரை! பழைய சாராயக்கடை வாசல்ல தொங்குமே, அந்தக் கயிறுகள், வரிசையா, ஒவ்வொரு முறுக்கும் தெரியற மாதிரி. கையால ஒதுக்கிட்டு உள்ளே போகற துணியில, கையால ஒதுக்கற கயிறு. நான் அதுக்கு முன்னாடி நின்னு சத்தமா சிரிச்சுட்டேன், காவலர் பார்த்தார். குபோட்டாகிட்ட எனக்குச் சிரிப்பு வரலை.

#8 மேலமாசிவீதி (திங்கள் இரவு 9:15)

சுந்தரி மேடம், கயிற்றுத் திரையை அம்மாகிட்ட சொன்னேன். "குசும்பு புடிச்ச மனுஷன்"ன்னாங்க. பாராட்டுதான். அடுத்த வாரம் ஷிசுவோகா டிக்கெட் பார்க்கிறேன்.

ஆனா கும்பிடுன்னு சொல்றதா எனக்குத் தோணலை. சைபீரியா முகாம்ல சூரியன் மறையறதைப் பார்த்துப் பார்த்து அந்த நிறத்தைத் துணியில கொண்டுவரணும்னு நினைச்சாராம். அது மனசுல இருந்ததாலயோ என்னவோ, அந்தப் பெரிய சிவப்புகள் எனக்குப் பெருமையாத் தெரியலை, பசியாத் தெரிஞ்சது.

சாயத்தொட்டி சார் கேட்டாரே 'பாரம்பரியம் எங்கே'ன்னு, அதுக்கு அம்மா சொன்னது: "கலர் யார் வேணா கடையில வாங்கலாம்டா. கை எங்க வாங்குவ?" அம்மா காலத்துலயே மதுரையில சாயம் எல்லாம் பொட்டலத்துலதான் வந்துச்சு. முடிச்சு விரல்ல வந்துச்சு. நகத்தால துணியைக் கிள்ளி, நூலைச் சுத்தி, அடுத்த புள்ளி. சேலைக்கு எத்தனை ஆயிரம்னு எண்ணித்தான் கூலி. ஒரு வியாபாரி (பேர் வேண்டாம்) எண்ணிக்கை குறையுதுன்னு கூலியில பிடிச்சதை அம்மா இன்னும் மறக்கலை. அந்த மியூசியத்துல நின்னுட்டு அதைத்தான் சொன்னாங்க! "இவருக்குக் கீழ தைச்சவங்களுக்கு என்ன குடுத்திருப்பாரு?" அந்தக் கேள்விக்கு அங்கே எந்தப் பலகையிலயும் பதில் இல்லை.

#9 பழையபேட்டை_பரணி (செவ்வாய் காலை 6:50)

இந்தப் பேச்சுக்குச் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். எடோ காலத்து (17-19ஆம் நூற்றாண்டு) ஜப்பானில் கோடு போட்ட ஒரு பருத்தித் துணிக்குச் 'சாந்தோமே' என்று பேர். சாந்தோம். நம்ம மயிலாப்பூர் பக்கத்துச் சாந்தோமேதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போன துணி, ஏற்றிய ஊரின் பேரோடு போனது. பின்னால் ஜப்பானிலேயே அதைப் பார்த்து நெய்தபோதும் அதே பேர். நம் பக்கத்துப் பூப்போட்ட சாயத் துணிகளுக்கு அங்கே சரசா என்று பேர், தேநீர்ச் சடங்குக்காரர்கள் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்தார்கள்.

ஆகவே அந்தக் கதவைப் பார்த்து அம்மா நின்றதில் தப்பில்லை. சரக்கு போகிற வழி பழைய வழி.

#10 ஓசிடீ (செவ்வாய் காலை 9:10)

டிராக்டர் தேடி வந்தவன் சாந்தோம் வரைக்கும் வந்துட்டேன். நவம்பர்ல ஜப்பான் வர்றேன். நேரா விஷயம் சொல்லுங்க: எப்படிப் போறது, எவ்வளவு நேரம், ரெண்டுல ஒண்ணுதான்னா எது?

#11 கோஃபு_குமரன் (செவ்வாய் மதியம் 12:50)

ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோவுக்கு நேர் பஸ், சுமார் இரண்டு மணி நேரம். ஸ்டேஷன் வாசலிலிருந்து ஏரியைச் சுற்றுகிற பஸ், அருங்காட்சியகத்தின் பேரிலேயே நிறுத்தம் இருக்கிறது. நவம்பர் என்றால் பக்கத்திலேயே மேப்பிள் மரங்கள் ஓடை நெடுகச் சிவந்து நிற்கும், அதற்கே கூட்டம் அள்ளும். பஸ்ஸில் நிற்கத் தயாராக வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, நான் முதல் தடவை அந்த நாளில்தான் போனேன். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சேர்த்த பழைய கண்ணாடி மணிகள் தனியாக ஒரு அறையில் இருக்கின்றன, அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

எது என்று கேட்டால் நான் யமனாஷிக்காரன், என்னிடம் கேட்கக் கூடாது.

#12 ஷிசுவோகா_சுந்தரி (செவ்வாய் மதியம் 1:15)

என்னிடமும் கேட்கக் கூடாது. ஷிசுவோகா.

நூல், முடிச்சுன்னு தேடறவங்க ரெண்டையும் விட்டுட்டு நகோயாவுக்குப் பக்கத்துல அரிமாட்சுக்குப் போங்க. 1608இல் உண்டான ஊர், அன்னிலேர்ந்து ஷிபோரிதான் (துணியைக் கட்டிச் சாயம் போடறது) தொழில். அங்கே பாட்டிங்க உங்க கண்ணு முன்னாடியே உட்கார்ந்து கட்டுவாங்க.

#13 சாயத்தொட்டி (புதன் இரவு 10:30)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். 'கை எங்க வாங்குவ' என்பதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. 22 வருடம் நான் பார்த்தது சாயத்தை மட்டும்தான் என்று தோன்றுகிறது.

அம்மாவிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். சுருக்கப் பட்டில் அவர்களால் முடிச்சுப் போட முடியுமா?

#14 மேலமாசிவீதி (வியாழன் இரவு 8:55)

கேட்டேன் சார். அம்மா சொன்னபடியே எழுதுறேன்:

"பட்டு வழுக்கும். நனைச்சுட்டுக் கட்டுனா நிக்கும். அது கெடக்கட்டும், அவுக்குறதை யாராவது சொன்னாங்களா? சுங்குடின்னா ரெண்டு பக்கமும் துணியைப் புடிச்சு இழுத்தா முடிச்செல்லாம் படபடன்னு தெறிச்சுரும். இவங்க தைச்சுல்ல வச்சிருக்காங்க. ஆவியில வேற வெந்திருக்கு. நூலை எப்படி எடுத்தாங்க? கத்திரியா?"

குமரன் அண்ணா, கத்திரியா?

#15 கோஃபு_குமரன் (வியாழன் இரவு 9:20)

கத்திரிதான். நுனி மெலிந்த சின்னக் கத்திரி. நூல் சுருக்கத்துக்குள் புதைந்து துணியின் நிறத்திலேயே இருக்கும். நூலை வெட்டுகிறோமா பட்டை வெட்டுகிறோமா என்பது வெட்டின பிறகுதான் தெரியும்.

#16 மேலமாசிவீதி (வியாழன் இரவு 9:34)

படிச்சுக் காட்டினேன். "அய்யோ"ன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. இப்ப என் மேசையில கிடந்த கத்திரியை எடுத்து நுனியைப் பார்த்துட்டிருக்காங்க.